கலகம் அல்ல, பெண்கள் போர்!



1929ஆம் ஆண்டின் கடைசியில் நைஜீரியாவின் கிழக்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுந்தார்கள். வெள்ளை சர்க்கார் அதைத் தன் கோப்புகளில் ‘ஆபா கலகம்’ என்று பதிந்து வைத்தது. எழுந்த இக்போ பெண்கள் தங்கள் மொழியில் வைத்த பெயரோ ‘பெண்கள் போர்’. கலகம் என்று சொல்லிவிட்டால் காரணம் கேட்க வேண்டியதில்லை. போர் என்றால் எதிரி யார், கோரிக்கை என்ன என்று கேட்டாக வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றவன் எந்தச் சொல்லை விரும்புவான்?

இக்போ மக்களில் பெரும்பாலோருக்கு அரசனும் கிடையாது, ஜமீனும் கிடையாது. ஊர் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம். வெள்ளையனுக்கு அது ஒத்து வரவில்லை. தனக்குத் தலையாட்டும் ஆட்களைப் பிடித்து, சர்க்கார் சீட்டுக் கொடுத்து, ‘தலைவன்’ ஆக்கினான். நீதிமன்றத்தில் உட்கார்ந்து அபராதம் போட்டவர்கள் இவர்கள்தாம். லஞ்சம் வாங்கியவர்களும் இவர்கள்தாம்.

1926 வாக்கில் ஆண்களை எண்ணினார்கள். எதற்கென்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1928இல் வரி வந்தது. ரயில்வேயில் பேரேடு எழுதிப் பிழைக்கும் நமக்கு இது புதிதல்ல. புதிதாக ஒரு கோடு கிழித்தால் அந்தக் கட்டம் வெகுநாள் காலியாக இருக்காது.

1929 நவம்பரில் ஓலோக்கோ என்ற ஊரில் மறுபடி எண்ண ஆரம்பித்தார்கள். பாமாயில் விலை இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. தலைவன் ஒக்குகோ அனுப்பிய ஆள் எமெரெயுவா, நுவான்யெருவா என்ற விதவையின் வீட்டுக்குள் போனான். அவள் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டையும் ஆளையும் எண்ணிச் சொல் என்றான். “உன் தாயை எண்ணினார்களா?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். கைகலப்பு ஆயிற்று. அவள் நேரே பெண்கள் கூட்டத்துக்கு ஓடினாள். பனங்குருத்து கைமாறிக் கைமாறி ஊர் ஊராகச் சேதி போயிற்று.

அவர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தவறு செய்தவன் வாசலில் பெண்கள் கூடுவார்கள். அவன் செய்ததை எல்லாம் பாட்டாகப் பாடி, அவன் பணியும்வரை நகரமாட்டார்கள். ‘ஆண் மேல் உட்கார்தல்’ என்று அதற்குப் பெயர். முகத்தில் கரி பூசி, தலையில் இலை சுற்றி, குருத்து கட்டிய கோலுடன் ஒக்குகோ வீட்டை வளைத்தார்கள். அவன் கைதாகி, பெண்களைத் தாக்கியதற்காகத் தண்டிக்கப்பட்டான். அதோடு நிற்கவில்லை. மற்ற தலைவர்களின் தொப்பிகளையும் பறித்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட நீதிமன்றங்களைத் தாக்கினார்கள். இபிபியோ பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

டிசம்பர் 16 அன்று ஒப்போபோவில் ஜில்லா அதிகாரியின் அலுவலகத்தில் அவர்கள் கேட்டது என்ன? பெண்களுக்கு வரி இல்லை என்பதை எழுத்தில் கொடு, டைப் அடித்துக் கொடு, ஒவ்வோர் ஊருக்கும் நகல் கொடு என்பதுதான்! வாய்வார்த்தையை நம்பி ஏமாந்த எந்தச் சங்கமும் கேட்கிற கேட்பல்லவா இது? பெண்களைச் சுட மாட்டார்கள் என்று நம்பி நின்றார்கள். சுட்டார்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சிலர் ஆற்றில் விழுந்து மடிந்தார்கள்.

பின்னால் ஆண்கள் தூண்டிவிட்டிருப்பார்கள் என்று வெள்ளை அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். பெண் தானாக யோசிப்பாள் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவில்லை. 1930இல் கமிஷன் முன்னால் அந்தப் பெண்களே வந்து லஞ்சத்தையும் அநியாய அபராதத்தையும் சொன்னார்கள். பெண்கள் மீதான வரி வரவில்லை. சீட்டுத் தலைவர் முறையும் பின்னர் கைவிடப்பட்டது.

இதைச் சென்ற மாதக் கூட்டத்தில் சொன்னபோது, “ஆப்பிரிக்காக்காரி சமாசாரம் நமக்கெதற்கு?” என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். அவர் வீட்டம்மா பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தார். அந்த ஜில்லா அதிகாரிகள் பேசியதற்கும் இதற்கும் எத்தனை முழ தூரம்? நம் செயற்குழுவில் பதினொரு பேர். ஒருவர்கூடப் பெண் இல்லை. வரும் பொதுக்குழுவில் நான்கு இடம் பெண்களுக்கு என்ற தீர்மானம் வருகிறது. தாய்மார்கள் அன்று முன்வரிசையில் உட்கார வேண்டும். முடிவு எதுவானாலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.