தெரிந்தும் ஏன் செய்வதில்லை? நலவாழ்வு உளவியல் படிக்க விடுங்கள்!



அண்மைப் பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி தன் தந்தையோடு என் இல்லம் தேடி வந்தாள். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் இருந்தவள். இடைநிலைப்பள்ளி, எஸ்.டி.பி.எம்., பல்கலைக்கழகம் என்று படிப்படியாக ஏறி உளவியலில் இளங்கலைப் பட்டமும் பெற்றுவிட்டாள். மகிழ்ச்சிச் செய்தி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். வழக்குத் தீர்க்க வந்திருந்தார்கள்!

மகள் நலவாழ்வு உளவியலில் முதுகலை படிக்க வேண்டும் என்கிறாள். லாரி ஓட்டி அவளைப் படிக்க வைத்த தந்தையோ, "போதும்" என்கிறார். "ஐயா, டாக்டருக்குப் படித்தால் டாக்டர் என்று சொல்லலாம். வக்கீலுக்குப் படித்தால் வக்கீல். இதைப் படித்தால் நாலு பேரிடம் நான் என்னவென்று சொல்வது? பைத்தியக்காரர்களைப் பார்க்கிற வேலை என்றுதானே பேசுவார்கள்? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்றார்.

அவர் மீது எனக்குச் சினம் எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு என்னைக் கேட்டிருந்தால் நானும் அவர் பக்கமே நின்றிருப்பேன். இன்று அப்படி நிற்க என்னால் இயலாது. அதற்கான காரணத்தை அவர்களிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

மைலோ டின்னில் கிடந்த உண்மை

என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஐம்பது வயதைத் தாண்டியதும் அவருக்கு இனிப்புநீர் கண்டது. அரசாங்க கிளினிக்கில் தவறாமல் மருந்து கொடுத்தார்கள். அவரும் தவறாமல் சென்று வாங்கி வந்தார். ஆனால், சர்க்கரை அளவு மட்டும் குறையவே இல்லை. மருத்துவர் கண்டித்தார், தாதியர் கண்டித்தனர், ஆசிரியனான நானும், மாணவனைக் கண்டிப்பது போலப் பெற்ற தந்தையைக் கண்டித்தேன். காலில் வந்த சிறு புண் ஆறாமல் பெருவிரல் போயிற்று. பிறகு பாதமும் போயிற்று. 2011-ஆம் ஆண்டில் அவரும் எங்களை விட்டுப் போனார்.

காரியங்கள் முடிந்து வீட்டைத் துப்புரவு செய்தபோது, அவருடைய அலமாரியில் பழைய மைலோ டின் இரண்டு கிடைத்தன. உள்ளே பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகள்... மாதக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். அம்மாவைக் கேட்டேன். "மாத்திரை சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தலை சுற்றினால் மட்டும் ஒன்று போடுவார்" என்றார்.

உண்மை நேர்மாறானது. கட்டுப்படாத இனிப்புநீர்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. இந்நாட்டில் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் நிலைக்குச் சிறுநீரகம் பழுதாவதற்கு முதன்மைக் காரணமே அதுதான். ஆனால், என் தந்தையின் அச்சத்தை நீக்க அந்த உண்மையை அவரிடம் சொன்னவர் எவருமில்லை. அப்படியோர் அச்சம் அவருக்கு இருந்ததே எங்களுக்குத் தெரியாது! "மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று அனைவரும் கேட்டோம். "சாப்பிடத் தயங்குகிறீர்களா? ஏன்?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த 'ஏன்' என்ற கேள்வியை முறையாகக் கேட்கவும், விடைக்கேற்ப உதவவும் கற்றுத்தரும் துறைதான் நலவாழ்வு உளவியல்.

இத்துறை எங்கிருந்து வந்தது?

1950-களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டறியும் எக்ஸ்ரே பரிசோதனை மக்கள் வசிக்கும் இடத்திற்கே கொண்டு செல்லப்பட்டது. அப்படியிருந்தும் பலர் வரவில்லை. 'மக்களுக்கு அறிவில்லை' என்று கைகழுவிவிடாமல், அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் உளவியலாளர்கள் காரணத்தை ஆராய்ந்தனர். நோய் தனக்கு வரக்கூடும் என்ற எண்ணம், வந்தால் கடுமையாக இருக்கும் என்ற எண்ணம், செய்வதால் பயனுண்டு என்ற நம்பிக்கை, செய்யவிடாமல் தடுக்கும் இடர்கள் ஆகியவையே ஒருவரின் முடிவைத் தீர்மானிக்கின்றன என்று விளக்கினர். 'நலவாழ்வு நம்பிக்கை மாதிரி' என்று இன்றும் முதுகலை வகுப்புகளில் கற்பிக்கப்படுவது இதுவே. என் தந்தையாரை இதில் பொருத்திப் பாருங்கள். 'கிட்னி கெட்டுவிடும்' என்ற அச்சமே அவரைத் தடுத்த இடர்!

1977-இல் ஜார்ஜ் எங்கல் என்ற மருத்துவர், நோயை உடலோடு மட்டும் பார்க்காமல் உடல், உள்ளம், சமூகம் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்க உளவியல் கழகத்தில் நலவாழ்வு உளவியலுக்கெனத் தனிப்பிரிவு தோன்றியது.

நமக்கு இது முற்றிலும் புதிய சிந்தனையும் அன்று. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து' அதிகாரத்தில், மருத்துவத்தின் நான்கு கூறுகளை வரிசைப்படுத்தும் வள்ளுவர், மருத்துவரையும் மருந்தையும் பின்னே நிறுத்தி நோயாளியையே முதலில் நிறுத்துகிறார். நாமோ நோயாளியை மறந்துவிட்டு மருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நமக்கு ஏன் இது தேவை?

2019-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்திருந்தாலும், நாம் நிம்மதி கொள்ளும் நிலை வந்துவிடவில்லை.

இவர்களுக்கு மருந்து கிடைக்கவில்லையா? கிடைக்கிறது. இனிப்பு கெடுதல் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். நலக்கல்விப் பாடத்தில் நானே பலமுறை கற்பித்திருக்கிறேன். மணி அடித்ததும் அதே மாணவர்கள் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடி நிறம் கலந்த சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். நான் ஆசிரியர் அறையில் தே தாரிக் குடிப்பேன்! தெரிதல் வேறு, செய்தல் வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, நீண்டகால நோய்களுக்கான சிகிச்சையைச் சரிவரப் பின்பற்றுவோர் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 விழுக்காட்டினர்தாம் என்கிறது. ஆகவே, இது நம்மவர் மட்டும் செய்யும் தவறு அன்று, மனித இயல்பு. அவ்வியல்பை அறிந்தவர்கள் நம் கிளினிக்குகளில் வேண்டும்.

தமிழ் படித்ததன் பயன்

இங்கேதான் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1975-இல் ரோனல்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் வலியை அளக்க ஒரு வினாநிரலை வெளியிட்டார். அதில் வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்கள் 20 தொகுதிகளாக அடுக்கப்பட்டுள்ளன. நோயாளி தமக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் பாட்டி என்ன சொல்வார்? குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, இழுக்கிறது, 'விண் விண்' என்று தெறிக்கிறது, மரத்துப் போகிறது... ஒவ்வொன்றும் ஒரு வலி! இத்தனையையும் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லத் தெரியாமல், "சாக்கிட்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டுத் திரும்பி வருகிறார். பாட்டியின் சொற்களைக் கேட்டு, அவற்றின் வேறுபாட்டை உணர்ந்து, மருத்துவருக்கு விளக்கக்கூடிய உளவியலாளர் ஒருவர் அங்கே இருந்தால் எப்படி இருக்கும்? அந்த ஒருவர் தமிழ் கற்றவராகத்தானே இருக்க முடியும்! தமிழ் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு விடை.

பெற்றோரின் ஐயங்கள்

மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதித் தருபவர். மருத்துவமனை உளவியலாளர் மனநோய்களையும் மனச் சிக்கல்களையும் ஆய்ந்து உளவியல் முறையில் சிகிச்சை தருபவர். நலவாழ்வு உளவியலாளரோ இனிப்புநீர், இருதய நோய், புற்றுநோய், நீங்கா வலி ஆகியவற்றோடு வாழ்பவர்களின் மனத்தையும் பழக்கத்தையும் பார்ப்பவர். புகைப்பதை விடவும், மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவும், நோயோடு வாழப் பழகவும் துணைநிற்பவர். முதுகலையில் இவற்றுக்கான கோட்பாடுகளோடு ஆய்வு முறையும் புள்ளியியலும் படித்து, ஓர் ஆய்வேடும் எழுத வேண்டும். எளிதான படிப்பு அன்று!

வேலை? இவ்விடத்தில் உண்மையை மறைக்க நான் விரும்பவில்லை. ஐக்கிய இராச்சியத்தில் 2009-ஆம் ஆண்டு முதல் 'நலவாழ்வு உளவியலாளர்' என்பது சட்டப் பாதுகாப்புடைய பெயர். அங்கும் முதுகலை முதற்படிதான். அதன்பின் மேற்பார்வையின்கீழ்ப் பயிற்சி முடித்துப் பதிவு பெற வேண்டும். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் மருத்துவமனை உளவியலாளரைத் தன் பட்டியலில் கொண்டுள்ளது. ஆலோசகராகப் பணிபுரிய 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு தேவை. நலவாழ்வு உளவியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரு பணிகளையும் செய்துவிடலாம் என்று எண்ணுதல் தவறு. ஆய்வு, விரிவுரை, சுகாதாரக் கல்வி, நோயாளர் ஆதரவு அமைப்புகள் ஆகியவற்றில் இப்படிப்புக்கு இடமுண்டு.

ஆகவே, சேரும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள்:

1. இப்பட்டம் மலேசியத் தகுதி முகவாண்மையின் அங்கீகாரம் பெற்றதா? வெளிநாட்டுப் பட்டமாயின் இங்கே ஏற்கப்படுமா?
2. மேற்பார்வையுடன் கூடிய நேரடிப் பயிற்சி உண்டா, ஏட்டுப் படிப்பு மட்டும்தானா?
3. முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன பணி செய்கிறார்கள்?
4. ஆய்வுக்குத் தமிழ் பேசும் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க மேற்பார்வையாளர் துணைசெய்வாரா?

நான்காவது கேள்வியை நம் பிள்ளைகள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

'என் எதிர்கால ஆசை' என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். முப்பது மாணவர்களில் இருபது பேர் மருத்துவர் என்று எழுதுகிறார்கள். நாமும் மகிழ்ச்சியோடு சிவப்பு மையில் 'நன்று' போடுகிறோம். மருத்துவரோடு தோள்சேர்ந்து பணிபுரியும் இத்தனை துறைகள் இருப்பதை நாம் எப்போது அவர்களுக்குச் சொல்லப் போகிறோம்? அடுத்த முறை அக்கட்டுரையைக் கொடுக்கும் முன் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குவோமே!

அன்று என் இல்லத்தில் வழக்குத் தீர்ந்ததா என்று கேட்கிறீர்களா? தந்தை உடனே தலையாட்டிவிடவில்லை. தேநீரைக் குடித்து முடித்து நெடுநேரம் அமர்ந்திருந்தார். பிறகு மகளைப் பார்த்து, "பாட்டியும் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாரே... ஏன் என்று இந்தப் படிப்பில் சொல்லிக் கொடுப்பார்களா?" என்று கேட்டார்.

"அதைப் பாட்டிதான் சொல்ல வேண்டும் அப்பா. எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுப்பார்கள்" என்றாள் அவள்.

விண்ணப்பம் அனுப்ப இன்னும் நாள் இருக்கிறதாம். அந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு இருவரும் சென்றனர். அவள் படிக்கட்டும் என்பதே என் விருப்பம். என் தந்தையாரைக் கேட்க அப்போது ஆளில்லை. இனிவரும் தந்தையரைக் கேட்கவாவது நம் பிள்ளைகளில் சிலர் ஆயத்தமாகட்டும்.

இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் பெற்றோரிடம் கனிவாகக் கேளுங்கள்: "மருந்து சாப்பிட ஏதாவது தயக்கம் இருக்கிறதா?" கேட்டுவிட்டு, கண்டிக்காமல் காது கொடுங்கள்.