அலமாரியைப் பூட்டிவிட்டுப் போகும் திருடன்



பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடும் திருடனை நமக்குத் தெரியும். நம் அலமாரிக்குத் தன் பூட்டைப் போட்டுவிட்டு, "சாவி வேண்டுமானால் பணத்தை வை" என்று மிரட்டுகிற திருடனைக் கண்டதுண்டா? கணினி உலகில் அவன் நெடுநாளாக நடமாடுகிறான். அவன் கையாளும் ஆயுதத்துக்கு ரேன்சம்வேர் என்று பெயர். அது உள்ளே நுழைந்தால், கோப்புகளையெல்லாம் எவரும் படிக்க முடியாத குறிகளாக மாற்றிவிடும். பிறகு திரையில் மிரட்டல் கடிதம் வரும்.

"இது பெரிய கம்பெனிகளின் தலைவலி, தோட்டத்துப் பாட்டாளிக்கு என்ன வந்தது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெரட்டில் பேர் பதிந்து, கிராணியார் பேரேட்டில் கணக்கு எழுதிய காலம் போய்விட்டது. சம்பளக் கணக்கு, கூட்டுறவுச் சங்கச் சந்தா, கோயில் வரவு செலவு, மரண சகாய நிதி எல்லாம் இன்று கணினிக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. அதைத் தட்டச்சு செய்கிறவர் பல இடங்களில் நம் வீட்டுப் பெண்தான். குளுவாங் பட்டணத்து அலுவலகங்களிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். இருபது ஆண்டு சந்தா கட்டியவரிடம், "உங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை ஐயா" என்று சொல்ல வேண்டி வந்தால் என்ன ஆகும்?

நம் நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள். 2025 மார்ச் 23 அன்று மலேசிய விமான நிலைய நிறுவனத்தின் கணினிகளில் இந்தத் திருடன் புகுந்தான். கேட்ட தொகை ஒரு கோடி அமெரிக்க டாலர்! சிப்பாங் விமான நிலையத்தில் விமான நேரங்களை வெள்ளைப் பலகையில் கையால் எழுதி வைத்த படங்கள் வெளிவந்தன. பணம் கொடுக்க முடியாது என்று சொல்லத் தமக்கு ஐந்து விநாடிகூடத் தேவைப்படவில்லை என்றார் பிரதமர் அன்வார் இப்ராஹிம்.

நல்ல பதில்தான். ஆனால் அப்படிச் சொல்ல ஒரு தெம்பு வேண்டும். கணக்கின் இன்னொரு படி பத்திரமாக இருக்கிறவனுக்குத்தான் அந்தத் தெம்பு வரும். 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இதே கதை. பதிவுச் சீட்டிலிருந்து பரிசோதனை முடிவு வரை எல்லாவற்றையும் தாளில் எழுதினார்கள். பெரும்பாலான வேலைகள் கணினிக்குத் திரும்ப இரண்டு வாரம் பிடித்தது. திருடன் கைபடாத ஒரு காப்புக் கணினி இருந்ததால் நோயாளிகளின் விவரங்கள் மீண்டன.

பணம் கொடுத்தால் சீக்கிரம் முடியுமே என்பார்கள் சிலர். 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனம் 44 லட்சம் டாலர் கொடுத்துச் சாவியை வாங்கியது. அந்தச் சாவி ஆமை வேகத்தில் திறந்ததால், தன்னிடமிருந்த காப்புப் படிகளையும் வைத்தே அது வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. திருடன் நுழைந்த வழி என்ன தெரியுமா? யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய கணக்கின் கடவுச்சொல்!

ஆகவே காப்புப் படிதான் முதல் வேலை. கணக்குக்கு மூன்று படி வேண்டும். இரண்டு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும். அதில் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, அதைக் கணினியிலேயே எந்நேரமும் சொருகி வைத்திருப்பார்கள். அலமாரியைப் பூட்டுகிறவன் அதோடு சேர்ந்த பெட்டியை விட்டு வைப்பானா? படி எடுத்ததும் கழற்றுங்கள். செயலாளர் வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வேறொரு கணினியில் அதைத் திறந்து, கணக்கு சரியாக வருகிறதா என்றும் பாருங்கள். திறக்காத படி, படியே அல்ல.

கதவையும் கவனிக்க வேண்டும். 2017 மே மாதம் வானாகிரை என்ற நிரல் சுமார் 150 நாடுகளில் பரவி, இங்கிலாந்து மருத்துவமனைகளையும் முடக்கியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தாம் பெரும்பாலும் மாட்டினார்கள். "புதுப்பிக்கவா?" என்று கணினி கேட்கும்போதெல்லாம் "பிறகு" என்று தள்ளுகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். ரசீது என்ற பெயரில் முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் திறக்காதீர்கள். கடவுச்சொல்லோடு கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாவது எண்ணையும் கேட்கும்படி வையுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கணினியின் நெற்றியில் ஒட்டி வைத்திருக்கும் அலுவலகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். திருநீறு பூசிய மாதிரி!

இப்போதெல்லாம் திருடன் பூட்டுவதற்கு முன்பே ஒரு நகலையும் எடுத்துக்கொள்கிறான். பணம் தராவிட்டால் ஊருக்குக் காட்டுவேன் என்கிறான். இதற்குக் காப்புப் படி உதவாது. சங்கத்தை விட்டுப் போய்விட்ட உறுப்பினர்களின் அடையாள அட்டை நகலை எதற்காக இன்னும் வைத்திருக்கிறீர்கள்? விதிப்படி வைத்திருக்க வேண்டாதவற்றை அழித்துவிடுங்கள்.

மிரட்டல் கடிதம் திரையில் வந்தேவிட்டால், முதலில் இணையக் கம்பியைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். மற்றக் கணினிகளையும் பிரித்து வையுங்கள். காப்பு டிஸ்க்கை அவசரப்பட்டு அந்த நேரத்தில் சொருகிவிடாதீர்கள், அதுவும் போய்விடும். திரையைப் படம் பிடித்துக்கொண்டு, சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்துக்கும் போலீசுக்கும் தெரிவியுங்கள். கணக்கு எழுதிய பெண்ணைத் திட்டுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். திட்டுக்குப் பயந்து அவள் ஒரு மணி நேரம் மறைத்தால், அந்த ஒரு மணி நேரத்தில் அடுத்த மேசைக் கணினியும் பூட்டப்பட்டிருக்கும்.