எழுந்து நிற்கும் உரிமை

சிவகாசி வட்டாரத்தில் தொழிலாளரின் தேகநலம் என்றதும் நம் மனம் உடனே பட்டாசுச் சாலைகளையே நாடுகிறது. அது இயற்கையே. 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் 30-க்கு மேற்பட்டோர் மாண்டதை யாரே மறக்க வல்லார்? வெடிக்கும் ஆபத்து ஊரைக் கூட்டுகிறது; விசாரணை நடக்கிறது; நஷ்டஈடு பேசப்படுகிறது. ஆனால் ஓசையின்றி உடம்பை அரிக்கும் ஆபத்தும் இவ்வூர்களில் உண்டு. அதைக் கேட்பார் இல்லை. அச்சகங்களில் கணினித் திரையின் முன் அமர்ந்து உழைப்போரின் நிலைமையையே இங்கு கருதுகிறோம்.

1923-ஆம் வருஷத்தில் தீப்பெட்டித் தொழில் இங்கே வேரூன்றியது. தீப்பெட்டிக்கு லேபில் தேவைப்பட்டது. லேபிலுக்காக அச்சகம் வந்தது. அச்சகத்திலிருந்து காலண்டரும் டைரியும் நாடெங்கும் செல்லலாயின. அந்நாளில் அச்சுக்கோப்பவர் பெட்டியின் முன் நின்றுகொண்டு ஈய எழுத்துக்களைப் பொறுக்கினார். இன்றோ அவ்வேலை டி.டி.பி. அறைக்குள் புகுந்துவிட்டது. 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பெற்ற திருத்தங்கலிலும் இதுவே நிலைமை. ஆடிப் பெருக்கன்று புத்தாண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியிடப்படுகின்றன. அன்று தொடங்கும் வேலை நெருக்கடி மார்கழி வரையில் ஓய்வதில்லை. ராகு காலமும் நல்ல நேரமும் பிழையின்றி அமைய வேண்டுமென்று கண்ணைத் திரையிலேயே பதித்து மணிக்கணக்கில் இருப்பவருக்கு, எழுந்து நிற்க ஒரு நல்ல நேரம் குறிப்பார் எவருமில்லை.

இதனால் விளையும் தீங்கு கற்பனையன்று. திரையை உற்று நோக்குங்கால் கண் இமைப்பது குறைகிறது. கண் உலர்ந்து எரிகிறது. முகத்துக்கு நேரே சுழலும் மின்விசிறி அதை மிகுவிக்கிறது. திரை தாழ்ந்திருப்பின் கழுத்து குனிகிறது. நாற்காலி பொருந்தாவிடில் இடுப்பு வலிக்கிறது. மணிக்கட்டை மடக்கியபடியே விசைகளைத் தட்டிவரின் விரல்கள் மரத்துப்போகின்றன. எழுதுவோருக்கு வரும் நோய்களைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ராமஸ்ஸினி என்னும் இத்தாலிய வைத்தியர் ஆராய்ந்தார். இடைவிடாத இருக்கை, கையின் ஓயாத ஒரே அசைவு, பிழை நேருமோ என்ற மனக்கவலை ஆகிய மூன்றையே அவர் காரணங்களாகக் காட்டினார். இறகு போய்க் கணினி வந்தும் இம்மூன்றில் ஒன்றேனும் போகவில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, நின்று வேலை செய்வோருக்கு அமரும் வசதி செய்துதர விதித்தது. 2020-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அமரும் வசதி நிற்போருக்கே கூறப்பட்டது. கடைச் சிப்பந்திகள் நாள் முழுதும் கால் கடுக்க நிற்கும் கொடுமையை நீக்க, கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் திருத்தச் சட்டம் செய்தன. இவற்றை மனமார வரவேற்கிறோம். ஆயினும், நிற்போருக்கு இருக்கை அளித்த சட்டம், இருப்போருக்கு எழுந்து நிற்கும் உரிமையை அளிக்க மறந்தது ஏன்? ஐந்து மணி நேரம் உழைத்தபின் அரை மணி ஓய்வு என்பது பழைய ஆலைச் சட்டத்தின் கணக்கு. திரையின் முன் ஐந்து மணி நேரம் அசையாதிருக்கும் கழுத்தும் கண்ணும் அந்தக் கணக்குக்கு அடங்குவனவல்ல.

ஐரோப்பிய சமூகம் 1990-லேயே இதற்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. திரை வேலையை இடையிடையே நிறுத்தி ஓய்வோ வேறு வேலையோ தரவேண்டும். கண் பரிசோதனைக்கு வழி செய்யவேண்டும். அதன் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டலாகாது என்பன அதன் விதிகள். பிரிட்டன் 1992-இல் அவற்றைத் தன் சட்டமாக்கியது. மேனாட்டார் கண்ணுக்குள்ள மதிப்பு நம்மவர் கண்ணுக்கு இல்லையா?

சிறு அச்சக முதலாளிகள், "எங்கள் லாபமே சொற்பம், இச்செலவுக்கு எங்கே போவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் வேண்டுவது பெருஞ்செலவன்று. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றே தாழவோ இருக்கட்டும். அதற்கு அடியில் ஒரு பலகை போதும். திரை ஒரு கை நீளத் தூரத்தில், ஜன்னல் வெளிச்சம் எதிரொளிக்காதபடி பக்கவாட்டில் அமையட்டும். முதுகைத் தாங்கும் நாற்காலியும், கால் எட்டாதவருக்கு ஒரு மணைக்கட்டையும் வேண்டும். 20 நிமிஷத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்ப்பதற்குக் காசு செலவில்லை. மணிக்கு 5 நிமிஷம் எழுந்து நடப்பதால் தொழில் நசித்துவிடாது. களைத்த கண் ஒரு தேதியைத் தவறவிட்டால் பிளேட்டும் காகிதமும் வீணாகும் நஷ்டம் எவ்வளவு என்பதை முதலாளிகளே அறிவர்.

ஆனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர் தாமாக எழுந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது வீண். எழுந்தால் கூலி குறையும் என்ற அச்சமே அவரை நாற்காலியோடு பிணைத்திருக்கிறது. ஆகையால் உபதேசம் மட்டும் போதாது, விதி வேண்டும். மணிக்கு 5 நிமிஷ ஓய்வு கூலிக் குறைவின்றிக் கிடைக்கவேண்டும். வருஷத்துக்கொரு முறை முதலாளி செலவில் கண் பரிசோதனை நடக்கவேண்டும். காலண்டர் பருவத்தில் ஒரே ஆளைத் தொடர்ந்து இரவும் பகலும் அமர்த்துவது தடுக்கப்படவேண்டும். சென்னை சர்க்கார் இம்மூன்றையும் சட்ட விதிகளாக்க வேண்டும். அதுவரையில் முதலாளிகளின் சங்கங்கள் தாமே இவற்றை ஏற்று நடத்தலாம். தொழிற்சங்க ஊழியர்களும் இதை அற்ப விஷயமென்று ஒதுக்காமல், வருகிற ஆடிக்கு முன்பே கோரிக்கையாக எழுப்பவேண்டும்.

திருத்தங்கல் குன்றின்மேல் கோயில் கொண்டுள்ள பெருமாளுக்கு நின்ற நாராயணன் என்று திருநாமம். அவர் நிற்கும் ஊரில், உழைப்பவன் மணிக்கு ஐந்து நிமிஷம் எழுந்து நிற்கக் கேட்பது பேராசையாகுமா?