கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்



ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், நடக்கச் சிரமப்படும் ஒரு சின்னப் பிள்ளையை யாராவது ஓர் அங்கிள் இரண்டு கைகளிலும் பிடித்து மேலே இழுத்து, "நட ராசா, நட" என்று நடத்திக் காட்டுவார். நாமும் கைதட்டுவோம். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு அது உதவி இல்லை.

பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளையில் ஏற்படும் பாதிப்பு இது. ஆயிரம் பிறப்புகளில் ஏறத்தாழ 2 பிள்ளைகளுக்கு வருகிறது. இங்கே டொக்டர்மார் 'பாராலிஸி செரெப்ரால்' என்பார்கள். கால் தசைகளில் நோய் இல்லை. மூளையிலிருந்து வரும் கட்டளைதான் குழம்பி வருகிறது. அதனால் தசை விறைக்கிறது. கையைப் பிடித்துத் தூக்கினால் தோள் காதுவரை ஏறும், கால்கள் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே போகும், விரல் நுனி மட்டும் நிலத்தில் படும். எடையைத் தாங்குவது அங்கிளின் கை. பிள்ளையின் கால் ஒன்றும் பழகுவதில்லை.

ஊரில் தச்சர் செய்து தந்த மூன்று சில்லு நடைவண்டியைப் பற்றி அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளை பின்னால் நின்று, தன் காலில் எடையை வைத்துத் தள்ள வேண்டும். நல்ல யோசனை அது. கடையில் விற்கும், பிள்ளையை நடுவில் இருத்தி உருட்டவிடும் வோக்கர் வேறு சாமான். அதில் பிள்ளை தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்தும். படியில் உருண்டு விழும் விபத்துகளால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. கினே தரும் நடைச்சட்டம் பல வேளைகளில் பிள்ளைக்கு முன்னால் அல்ல, பின்னால் வரும். முன்பக்கம் சாயாமல் நிமிர்ந்து நடக்க அது உதவும்.

வீட்டில் அண்ணா, அக்கா செய்யக்கூடியது எளியது. சோபாவின் ஒரு முனையில் பிள்ளையை நிற்க வைத்து, மறுமுனையில் அவனுக்குப் பிடித்த விளையாட்டுக் காரை வையுங்கள். சோபாவைப் பிடித்தபடி பக்கவாட்டாக அவன் போகட்டும். அவசரப்படுத்தாதீர்கள். சாய்ந்தால் இடுப்பில் தாங்குங்கள், கையில் அல்ல. பிரான்ஸின் சுகாதார உயர் அதிகாரசபை 2021இல் வெளியிட்ட பரிந்துரைகளும் பிள்ளை தானே முயன்று செய்யும் நடைப்பயிற்சிக்கும் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிக்குமே இடம் கொடுக்கின்றன. எண்ணெய் தேய்ப்பது பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், தேய்க்கட்டும். நடை அதனால் வராது.

காலுக்கு 'அத்தெல்' போட்டிருந்தால் தையல் உறுத்தாத காலுறை போடுங்கள். மாலையில் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த அடையாளம் அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையாவிட்டால் அத்தெல் இறுகிவிட்டது. செய்தவரிடம் காட்ட வேண்டும். பிள்ளை வேகமாக வளரும்போது எலும்பு நீளும், விறைத்த தசை அதே வேகத்தில் நீளாது. நேற்று நன்றாக நடந்தவன் இன்று இடறுவதற்கு அது காரணமாக இருக்கலாம். சோம்பல் என்று ஏசாதீர்கள்.

எல்லாப் பிள்ளையும் நடக்குமா? இல்லை. இரண்டு வயதுக்குள் தானாக இருக்கப் பழகிய பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறகு ஏதோ ஒரு விதத்தில் நடப்பார்கள். டொக்டர்மார் அசைவுத் திறனை 5 படிகளாகப் பிரிக்கிறார்கள்: முதற்படிப் பிள்ளை ஓடும், மூன்றாம் படிப் பிள்ளை நடைச்சட்டத்தோடு நடக்கும், ஐந்தாம் படிப் பிள்ளைக்குச் சில்லுக் கதிரை வேண்டும். கதிரை வாங்குவது விசுவாசக் குறைவு என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். மேவிபோசேத்தை ஐந்து வயதில் கீழே விழவிட்டவள் ஒரு தாதி (என் தொழில்காரிதான், என்ன செய்வது). தாவீது அவனை நடக்கச் சொல்லவில்லை, தன் மேசையில் இருத்தினான். எங்கள் ஞாயிறு பள்ளி மாடியில் இருந்தால் வகுப்பைக் கீழே இறக்குங்கள். "எப்ப நடப்பான்?" என்று பிள்ளைக்கு முன்னால் தாயிடம் கேட்பதையும் நிறுத்துவோம், அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பெற்றோருக்கு ஒரு தகவல். ஆறு வயதுவரையான பிள்ளைகளுக்கு 'காம்ஸ்ப்' நிலையம் இருக்கிறது. டொக்டர், கினே, பேச்சுப் பயிற்சியாளர் எல்லாரும் ஒரே இடத்தில், குடும்பத்துக்குச் செலவில்லை. மாதாந்தக் கொடுப்பனவுக்கும் பாடசாலை உதவியாளருக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள எம்.டே.பே.அஷ் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதில் வர மாதங்கள் எடுக்கும், ஆகவே இன்றே படிவத்தை எடுங்கள்.

கடைசியாக, இதை வாசிக்கும் உங்களில் சிலர் பதின்மூன்று, பதினான்கு வயதில் அம்மாவுக்காக டொக்டரிடம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நேரம் கேட்பதற்கும் கடிதம் வாசிப்பதற்கும் போங்கள். "உங்கள் தம்பி நடக்கமாட்டான்" என்ற வார்த்தையை அம்மாவிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல. பல ஆஸ்பத்திரிகள் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும். நேரம் எடுக்கும்போதே செக்ரெத்தேரிடம் கேளுங்கள். அன்று நீங்கள் அம்மாவின் பக்கத்தில் சும்மா இருந்தால் போதும்.