நட்டஈடு என்றார் அம்மா



போன மாதம் செமோரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் ஆங்கிலப் பயிற்சித் தாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, பெனிஃபிட்டுக்கு எதிர்ச்சொல் டெட்ரிமென்ட்டாம். தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். யோசிக்காமல் "நன்மை, தீமை" என்று சொல்லிவிட்டேன். அவளும் எழுதிக்கொண்டாள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

தீமை என்றால் கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர் அதற்குப் பின்னால் இருப்பதுபோல் தோன்றுகிறது. டெட்ரிமென்ட்டுக்கு அப்படி ஒருவர் தேவையில்லை. இருந்தது குறைந்துபோனால் போதும். அதன் லத்தீன் வேரே தேய்த்துக் குறைப்பதைத்தான் சொல்கிறது. நகைக்கடையில் செய்கூலியோடு சேர்த்துச் சொல்வார்களே சேதாரம், ஏறக்குறைய அது. பெனிஃபிட்டின் வேர் நல்லது செய்வது. ஒன்று கை கொடுப்பது, மற்றது கையில் இருந்தது கரைவது. அவள் கையிலிருந்த ரப்பர் அழிப்பானைப் பார்த்தேன். பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க உதவுகிறது என்பதால்தான் மரத்திலிருந்து வடியும் அந்தப் பாலுக்கே ஆங்கிலத்தில் ரப்பர் என்று பெயர் வந்தது. ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிவியலாளர் 1770-இல் அந்தப் பயனைக் குறித்து வைத்திருக்கிறார். நம் முன்னோரைத் தோட்ட வேலைக்காகக் கடல் கடக்க வைத்த மரத்தின் பெயரிலேயே ஒரு தேய்ப்பு இருக்கிறது.

மதியம் சாப்பிட்ட பிறகு அண்ணன் அம்மாவின் மைலோ டின்னை எடுத்து வந்தார். பிறப்புப் பத்திரங்கள், சேமநிதிக் கணக்குத் தாள்கள், இவற்றுக்கு அடியில் அம்மா வேலை செய்த ரப்பர் தோட்டம் மூடியபோது அவருக்கு வந்த கடிதம். நான்காக மடித்து மடித்து, மடிப்பு இற்றுப் போயிருந்தது. கொடுக்கும் பணத்துக்கு மலாயில் ஃபாஎடா, ஆங்கிலத்தில் பெனிஃபிட் என்று பெயர் போட்டிருந்தது. வேலை போகிறது என்று சொல்ல வந்த தாள், நன்மை என்ற சொல்லைத் தாங்கி நிற்கிறது.

நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு எழுதிய சொல் அல்ல அது. 1980-ஆம் ஆண்டு பணிநீக்கச் சலுகை விதிமுறைகளின் பெயரிலேயே அது இருக்கிறது. அந்த விதிகள் இன்றும் நடப்பில் உள்ளன. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை 15 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். குறைந்தது ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். அம்மா பால் வெட்டியது 24 வருடம். 480 நாள் சம்பளம். அன்றைய நாள் கூலி 14 வெள்ளி. அண்ணன் கைப்பேசியில் தட்டிப் பார்த்தார்: 6,720 வெள்ளி. கடிதத்திலும் அதேதான். ஒரு காசு குறையவில்லை.

ஆனால் அம்மா அதை ஒரு நாளும் சலுகை என்று சொன்னதில்லை. "நட்டஈடு குடுத்துட்டாங்க" என்றுதான் சொல்வார். லயத்தில் எல்லோருடைய வாயிலும் அதே சொல்தான். நாளிதழ்களும் அப்படித்தான் எழுதின. யாரும் உட்கார்ந்து மொழிபெயர்த்ததாகத் தெரியவில்லை. ஏதோ போய்விட்டது, போனதற்கு ஈடாக ஏதோ கொடுக்கிறார்கள் என்று ஜனங்கள் கண்டதைச் சொன்னார்கள்.

எனக்கு அந்தத் தமிழ்ச் சொல் பெரிதாகப் படுகிறது. சலுகை என்று நினைத்து வாங்கினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பத் தோன்றும். நட்டஈடு என்று நினைத்தால், நட்டம் என்னென்ன என்று எண்ணிப் பார்க்கத் தோன்றும். அம்மா எண்ணினார். வேலையோடு வீடும் போனது, ஏனென்றால் லயத்து வீடு வேலைக்கு ஒட்டியது. கொல்லையில் போட்டிருந்த கத்திரியும் முருங்கையும் போயின. பக்கத்து வீட்டில் ரெண்டு மாடு இருந்தது, தாமான் வீட்டுக்கு மாட்டை எப்படி ஓட்டிப் போவது? ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், நடந்தே போய்விடும் பள்ளிக்கூடம். இவற்றுக்கு அந்த 20 நாள் கணக்கில் இடமில்லை. விதியை நான் பழிக்கவில்லை. அதுவும் இல்லாதிருந்தால் வெறுங்கையோடு இறங்கியிருப்போம். அதன் கணக்கு சம்பளத்தோடு நின்றுவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒன்று கொடுப்பதற்கும் ஒன்று குறைவதற்கும் நடுவே எங்கே நிற்க வேண்டும் என்பது பால் மரம் வெட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அம்மா கத்தி பிடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சீவல் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சுருண்டு விழும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது, பால்குழாய்கள் பெரும்பாலும் பட்டையின் உள்பக்கத்தில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய ஏட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே கத்தி நிற்க வேண்டும். விடியாத இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்தக் கை நின்றது. காயம் பட்ட இடம் முண்டு முண்டாகத் தேறும். பட்டை திரும்ப வளர்ந்த பிறகும் அங்கே நேராகக் கோடு போட முடியாது. இந்த வருடத்துப் பாலுக்கு ஆசைப்பட்டு அழுத்தியவர், பல வருடம் கழித்து அதே நிரைக்கு வரும் வேறொருவருக்கு நட்டம் வைத்துவிட்டுப் போகிறார்.

நட்டத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர் ஒருவரும் இருந்தார். செமோரிலிருந்து வடக்கே போனால் சுங்கை சிப்புட். அரசியல் தலைவர் துன் சம்பந்தனின் ஊர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி போட்டுப் பாட்டாளிகளே தோட்டம் வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார். நட்டம் வந்த பிறகு ஈடு கேட்பதைவிட, வருவதற்கு முன்னால் மண்ணையே கையில் வைத்துக்கொள்ளும் வழி அது. எல்லாத் தோட்டங்களுக்கும் அது எட்டவில்லை. எங்கள் தோட்டத்துக்கும் எட்டவில்லை.

இன்று இப்படி ஒரு கடிதம் உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால், தொழிற்சாலையோ தோட்டமோ, கையெழுத்துப் போடுமுன் சேவை வருடங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நிறுவனம் கைமாறியபோது பழைய வருடங்களையும் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள்.

இதுபோன்ற பழைய கடிதங்களை வைத்திருப்பவர்கள் ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பெயரை மறைத்துவிடுவோம். கூடவே இரண்டு வரி எழுதுங்கள்: அந்தப் பணத்தை உங்கள் வீட்டில் என்ன சொல் சொல்லி அழைத்தார்கள், அதில் என்ன வாங்கினார்கள். எங்கள் வீட்டில் அது தாமான் வீட்டின் முன்பணத்துக்குப் போனது. மிச்சத்தில் அம்மா ஒரு முருங்கைக் கம்பு வாங்கி வந்து வாசலில் நட்டார். போன மாதமும் அதிலிருந்துதான் அண்ணி கீரை பறித்துச் சமைத்தார்.

அன்புடன்,
ஆசிரியர்