எண்ணிக்கையில் விழாத காவலூர்

'உலகின் முதல் 2 விழுக்காடு அறிவியலாளர் பட்டியலில் எங்கள் பேராசிரியர்' என்று கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு சைட்டேஷன் கணக்கை வைத்துத் தயாரிக்கும் பட்டியல் அது. அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவரே பெரிய ஆய்வாளர் என்ற நம்பிக்கைதான் அந்த ஃப்ளெக்ஸைத் தூக்கி நிறுத்துகிறது. இயந்திரக் கற்றல் துறையில் அந்த நம்பிக்கை முற்றிப்போயிருக்கிறது. ஒருவர் என்ன எழுதினார் என்று படிக்கும் முன்பே கூகுள் ஸ்காலர் காட்டும் மேற்கோள் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

இந்த அளவுகோலை ஜவ்வாது மலைக்கு எடுத்துப் போவோம். 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. அந்த மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளி இடையில் மங்கியதைப் பதிவுசெய்தார்கள். புதிய துணைக்கோள் என்று கருதி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உண்மையில் அது யுரேனஸின் வளையம். விமானத்திலிருந்து நோக்கிய அமெரிக்கக் குழு, கிரகத்தின் இரு பக்கமும் ஒளி ஒரே மாதிரி மங்கியதைப் பார்த்துச் சரியாகச் சொன்னது. பெயர் அவர்களுக்குப் போனது நியாயமே. ஆனால் விளக்கம் பிசகினாலும் பதிவு பிசகவில்லை. வேறோர் இடத்திலிருந்து வந்த சாட்சி அது. இந்தச் சாட்சியின் மதிப்பை, மேற்கோள்களை வைத்து ஆய்வாளரை அளக்கும் எந்த ஹெச்-இன்டெக்ஸில் தேடுவது?

காவலூரைத் தொடங்கிய வானியலாளர் வேணு பாப்புவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் சக வானியலாளர் வில்சனோடு சேர்ந்து எழுதிய கட்டுரை அவர் கணக்கில் ஏறும். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு அவர் தொடங்கிய காவலூர் ஏறாது. அவர் 1982இல் இறந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, நம் நாட்டிலேயே உருவாகி, 1986இல் திறக்கப்பட்டது. அதன் ஆடியைத் தேய்த்து மெருகேற்றியவர்களுக்கு எத்தனை சைட்டேஷன்?

மறுபக்கம், இயந்திரக் கற்றலில் நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்கும் 'ஆடம்' என்ற முறையைப் பற்றிய கட்டுரை. கிங்மாவும் பாவும் 2014இல் வெளியிட்டது. மேற்கோள்கள் லட்சத்தைத் தாண்டிவிட்டன. நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்கும் பலரும் அந்த முறையைப் பயன்படுத்தியதாக ஒரு வரி எழுதிக் கடந்துவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது துறையில் எவ்வளவு கூட்டம் என்பதை. சிறிய துறைக்காரருக்கு அந்தக் கூட்டம் வாய்க்காது.

எண் இல்லாவிட்டால் சிபாரிசும் சாதியும்தானே ஆளும் என்பார்கள். நியாயமான அச்சம். ஆனால் எண்ணையும் போலியாக உருவாக்கிக்கொள்ளலாம். சென்னையின் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, மாணவர்களைக் கொண்டு எழுதவைத்த கட்டுரைகளில் தன் கட்டுரைகளையே மேற்கோளாக நிரப்பியது என்று 2023இல் 'சயன்ஸ்' இதழ் குற்றம்சாட்டியது. ஹெச்-இன்டெக்ஸை 2005இல் உருவாக்கிய ஹிர்ஷே பிற்பாடு அதன் தீய விளைவுகளைப் பற்றி எழுதினார்.

தேர்வுக் குழுக்கள் விண்ணப்பதாரரின் மூன்று கட்டுரைகளை மட்டும் வாங்கட்டும். அவர் எழுதிய மென்பொருளையும் திரட்டிய தரவையும் கூடவே கேட்கட்டும். பிறகு உட்கார்ந்து படிக்கட்டும். அதற்கு நேரமில்லை என்கிற குழுவுக்கு ஆளெடுக்கும் உரிமை எதற்கு?