குறி தவறுவது எங்கே?

பதுளையிலிருந்து கொழும்பு நோக்கிப் புகையிரதத்திற் செல்வோர், பண்டாரவளையைக் கடந்ததும் தியத்தலாவையின் புல்மலைகளைக் காண்பர். 1900ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் போர்க்கைதிகளைக் கொண்டுவந்து அடைத்துவைத்த இடம் அது. இன்று அங்கே இராணுவப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. சுடுபயிற்சி நடைபெறும் நாட்களில் வெடியோசை மலைக்கு மலை மோதி எதிரொலிக்கும். அவ்வோசை கேட்டதும் வயதானவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்துவதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். 1983 முதல் 2009 வரை நீடித்த போரைக் கண்ட நாட்டில், துப்பாக்கி என்ற சொல்லே வீடுகளில் ஒரு நடுக்கத்தை உண்டாக்குவது இயல்புதான்.

ஆகவே, பாடசாலைச் சுடுதற் குழுவிலே தன் மகன் சேர்ந்துவிட்டான் என்று கேள்வியுற்ற தோட்டத்துத் தாயொருத்தி ஒரு சனிக்கிழமை காலையில் என்னைத் தேடி வந்ததில் வியப்பில்லை. அக்குழுவை அழைத்துச் செல்லும் பொறுப்பு அக்காலத்தில் எனக்கு இருந்தது.

"ஐயா, இந்தத் துவக்கு வெளையாட்டு நம்ம புள்ளைகளுக்கு எதுக்குங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

உடனே தக்க விடை சொல்ல என்னால் இயலவில்லை. "அடுத்த பயிற்சிக்கு நீங்களும் வந்து பாருங்கள் அம்மா" என்று மட்டும் கூறி அனுப்பினேன். அவருக்குத் தெரியாத செய்தி ஒன்றும் இருந்தது. அதற்கு முந்திய நாள்தான் மகன் என்னிடம், "சேர், துவக்குச் சரியில்லை. நான் இனி வரவில்லை" என்று சொல்லியிருந்தான்.

அவன் பழகியது காற்றழுத்தக் கைத்துப்பாக்கி. 4.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஈயச் சன்னத்தை 10 மீற்றர் தொலைவிலுள்ள தாளில் எய்யும் கருவி அது. தாளின் நடுவே கறுப்பு வட்டம். அதன் மையத்தில் பத்துப் புள்ளி வளையம். அந்த வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், சட்டைப் பொத்தானை ஒத்த அளவு. ஒலிம்பிக் போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 முறை, ஒற்றைக் கையால், எவ்விதத் தாங்கலுமின்றி நின்று சுட வேண்டும்.

மாணவனின் தாளை வாங்கிப் பார்த்தேன். மூன்று துளைகள் மையத்தை அடுத்து இருந்தன. நான்கு துளைகள் இடப்புறக் கீழ்மூலையை நோக்கி வால்போல் இறங்கியிருந்தன. எஞ்சிய மூன்று, வலப்புற மேற்பக்கத்தில் இருந்தன. "ஒவ்வொரு முறையும் தவறியபோது என்ன செய்தாய், தம்பி?" என்று கேட்டேன். "திருகாணியைத் திருப்பினேன், சேர்" என்றான். இந்த ஒரு விடையில் நோயின் பாதி தெளிவாகிவிட்டது.

சூடு பிழைத்தால் முதலில் எழ வேண்டிய கேள்வி, பிழை கருவியிலா கையிலா என்பது. கருவியிலும் பிழை நேரும் என்பதை மறுப்பதற்கில்லை. 2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் கைத்துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவே பழுதுற்றது. அதைச் சீர்செய்வதில் அருமையான நிமிடங்கள் கழிந்தன. அவர் 12ஆம் இடத்தையே பெற்றார். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான் செல்லலாம். ஆயினும், துப்பாக்கி கெட்டுவிட்டது என்று வாயாற் சொல்வது வேறு. சோதித்து அறிவது வேறு.

சோதிக்கும் முறை எளிது. ஆணிகள் தளர்ந்துள்ளனவா, காற்றுக்கலத்தில் அழுத்தம் போதுமா, சன்னங்கள் நசுங்காமல் ஒரே வகையாக உள்ளனவா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். பின்பு அனுபவமுள்ள ஒருவர் மணல்மூட்டையின்மீது மணிக்கட்டைத் தாங்கவைத்து, ஐந்து முறை சுட வேண்டும். பிடிக்கும் கையும் பார்க்கும் கண்ணும் ஆளுக்கு ஆள் வேறாதலால், துளைகள் மையத்திலிருந்து சற்று விலகி அமையலாம். ஆனால் அவை ஒன்றையொன்று தொட்டு நின்றால் துப்பாக்கி குற்றமற்றது. எங்கள் பயிற்றுநர் திருகாணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து அவ்விதம் சுட்டார். ஐந்து துளைகளும் சேர்ந்து ஒரே கிழிசலாயின. மாணவன் ஒன்றும் பேசாமல் தலைகுனிந்து நின்றான்.

அடுத்த படி, தாளைப் படித்தல். ஒரு துளையைக் கொண்டு எதையும் முடிவு செய்யலாகாது. ஐந்து அல்லது பத்துத் துளைகள் சேர்ந்தே ஒரு செய்தியைச் சொல்லும். துளைகள் நெருங்கி, ஆனால் எப்போதும் ஒரே பக்கம் விலகியிருந்தால், பெரும்பாலும் குறிகாட்டியைத் திருத்த வேண்டும். மேலும் கீழுமாக நீண்டால், மணிக்கட்டின் உறுதி மாறுகிறது, அல்லது மூச்சு ஒழுங்கில்லை. இடமும் வலமுமாகப் பரந்தால், நிற்கும் நிலையையும் விசையின்மேல் விரல் படியும் இடத்தையும் பார்க்க வேண்டும். நாற்புறமும் சிதறினால், கண் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. வலக்கையாற் சுடுபவருக்கு இடப்புறக் கீழ்மூலையில் வால் இறங்கினால், சுட்டுவிரலோடு மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன என்பது பெரும்பாலும் பொருத்தமான விளக்கம்.

நம் மாணவனுக்கு நேர்ந்தது இதுவே. விரல் இறுகியதால் சன்னங்கள் இடப்புறம் கீழே சென்றன. அவனோ கருவியைக் குற்றஞ்சாட்டித் திருகாணியை எதிர்ப்பக்கம் திருப்பினான். அதன்பின் அவன் அமைதியாகச் சுட்டவை வலப்புறம் மேலே ஏறின. பிழையாகச் சுட்டபோது திருத்தியதனால், சரியாகச் சுட்டதும் பிழையாயிற்று. வாழ்க்கையிலும் இத்தகைய திருத்தங்களை நாம் செய்வதுண்டு.

விரலின் சிறு அசைவு இவ்வளவு கேடு செய்யுமா என்று மாணவர் கேட்கலாம். கணிதம் விடை சொல்கிறது. குழலின் நுனியில் நிற்கும் சிறு முனையை முன்குறி என்போம். பின்னாலுள்ள பிளவுபட்ட தகட்டைப் பின்குறி என்போம். இரண்டுக்கும் இடையே சுமார் 30 சென்றிமீற்றர் தூரம் என்று கொள்வோம். பின்குறியின் பிளவுக்குள்ளே முன்குறி 1 மில்லிமீற்றர் விலகினால், வடிவொத்த முக்கோணிகளின் விதிப்படி 10 மீற்றருக்கு அப்பால் விலகல் ஏறத்தாழ 33 மில்லிமீற்றர் ஆகும். பத்துப் புள்ளி ஆறாகிவிடும். ஆனால் இரு குறிகளும் ஒழுங்காய் இருக்க, கை முழுவதும் 1 மில்லிமீற்றர் நகர்ந்தால், தாளிலும் 1 மில்லிமீற்றரே விலகும். கை சற்று ஆடுவது யாவர்க்கும் உள்ளது. அதனால் வரும் நட்டம் சிறிது. அருகிலுள்ள குறிகள் ஒன்றையொன்று விட்டு விலகுவதே பெரிய நட்டம்.

இங்கே நம் இதிகாசக் கதையொன்று நினைவுக்கு வரும். துரோணர் மரத்திலிருந்த பறவையைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்க, அருச்சுனன் பறவையின் தலை ஒன்றே தெரிகிறது என்றானாம். அக்கதையை நானும் வகுப்பிலே பலமுறை சொல்லியிருக்கிறேன். அதன் ஒருமுக நாட்டம் கைத்துப்பாக்கிக்கும் வேண்டும். ஆனால் கண் தங்க வேண்டிய இடம் வேறு. மனிதக் கண் ஒரே நேரத்தில் அருகையும் தொலைவையும் கூர்மையாகக் காணமாட்டாது. இலக்கைத் தெளிவாகப் பார்த்தால் முன்குறி மங்கும். அது பிளவுக்குள் சரிந்ததும் தெரியாது. ஆகையால் பார்வை முன்குறியின்மேல் ஊன்ற, கறுப்பு வட்டம் பனிமூட்டத்தில் தெரியும் மலைபோல் மங்கலாகவே இருக்க வேண்டும். புதிதாகப் பழகுவோருக்கு இது எளிதில் மனம் ஒப்பாத பாடம்.

விசையை இழுப்பது அடுத்த கலை. முதல் விரற்கணுவின் சதைப்பகுதி விசையின்மேல் படிய, நேரே பின்னோக்கி, அழுத்தம் படிப்படியாக ஏற வேண்டும். மற்ற விரல்கள் முன்பிருந்த உறுதியிலேயே நிற்க வேண்டும். வட்டத்தின் நடுவே குறி வந்துவிட்டது, இப்போதே சுடு என்று மனம் அவசரப்படும் கணத்தில்தான் கை இறுகுகிறது. கையை நிலைநிறுத்திப் பத்து விநாடி வரையில் சூடு விடுபடவில்லையாயின், கையைத் தாழ்த்தி இளைப்பாறி, மீண்டும் தொடங்குவதே அறிவுடைமை. சன்னம் சென்றபின்னும் ஓரிரு விநாடி அந்நிலையிலேயே நிற்றல் வேண்டும்.

தன் கை இறுகுகிறது என்பதை அம்மாணவன் நம்பவில்லை. எனவே பயிற்றுநர் ஓர் உபாயம் செய்தார். துப்பாக்கியைத் தாமே வாங்கி, அவன் காணாதபடி சிலமுறை சன்னம் இட்டும், சிலமுறை இடாமலும் கொடுத்தார். சன்னம் இல்லாதபோது குழலின் நுனி சட்டென்று கீழே குனிந்ததை அவன் தன் கண்ணாலேயே கண்டான். அதன்பின் திருகாணியை அவன் தொடவில்லை. இரண்டு வாரம், பயிற்றுநர் முன்னிலையில், சன்னமின்றி வெள்ளைச் சுவரை நோக்கி விசையிழுக்கும் பயிற்சி மட்டும் நடந்தது. பார்ப்பதற்கு இலக்கே இல்லாமையால், முன்குறியையும் விரலையும் தவிர மனம் செல்ல வேறு இடமில்லை.

கை பழக்கத்தால் அமைவது என்பதற்கு ஹங்கேரி நாட்டுக் கரோலி தகாச் பெருஞ்சான்று. 1938இல் கைக்குண்டு வெடித்து அவரது வலக்கை சிதைந்தது. அவர் இடக்கையாற் பழகி, 1948இல் இலண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் கைத்துப்பாக்கி விரைவுச் சுடுதலில் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

திருத்தம் செய்வோர்க்கு இரண்டு விதிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. நிலையையும் பிடியையும் திருகாணியையும் ஒருங்கே மாற்றினால், எது பயன் தந்தது என்று அறிய வழியில்லை. ஒவ்வொரு நாளும் செய்ததைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுக. பின்குறியைத் திருத்த நேர்ந்தால், துளை எப்பக்கம் செல்ல வேண்டுமோ அப்பக்கமே அதனை நகர்த்துக.

ஒரு தவறான சூடு மனத்தைக் குலைக்காமற் காப்பதும் பயிற்சியே. 2016இல் ரியோ ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் கொரிய வீரர் ஜின் ஜோங்-ஓ ஒருமுறை 6.6 புள்ளியே பெற்றார். அத்தகைய மேடையில் அது பெருஞ்சறுக்கல். அவர் அடுத்த சூட்டை அடுத்த சூடாகவே கருதிச் சுட்டு, 50 மீற்றர் கைத்துப்பாக்கிப் பிரிவில் தொடர்ந்து மூன்றாம் முறையாகத் தங்கம் பெற்றார். டோக்கியோவில் கலங்கிய மனு பாக்கரும் 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்றார்.

சொன்னபடி அந்தத் தாய் ஒரு நாள் பயிற்சிக்கு வந்தார். சுவரோரமாக நின்று நெடுநேரம் பார்த்தார். கட்டளை வரும்வரை எவனும் துப்பாக்கியைத் தொடாததையும், குழல் இலக்கின் திசையைவிட்டுத் திரும்பாததையும், சுடும் கணம்வரை விரல் விசைக்கு வெளியே இருப்பதையும், ஒரு பிள்ளை தாளை எடுக்கச் செல்லுமுன் எல்லாத் துப்பாக்கிகளும் வெறுமையாக்கி வைக்கப்படுவதையும் அவர் கண்டார். இக்கட்டுப்பாடும், சட்டப்படி அனுமதி பெற்ற இடமும், பயிற்றுநரும் இல்லாவிடில், எந்த வீட்டுப் பிள்ளையும் இதன் அருகே செல்லலாகாது என்பதே என் உறுதியான எண்ணம்.

மகன் தன் புதிய தாளைக் கொண்டுவந்து காட்டினான். வால் மறைந்திருந்தது. பத்துத் துளைகளும் கறுப்பு வட்டத்துக்குள் இருந்தன. மையத்தில் இருந்தவை இரண்டே. "தூரத்தைப் பார்க்கக்கூடாது அம்மா. கிட்ட இருக்கிறதைத்தான் பார்க்கணும்" என்று விளக்கினான்.

அந்த அம்மாள் சிரித்தார். "இதை எங்ககிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமே. கொழுந்து எடுக்கிறப்போ மலையைப் பார்த்தா முடியுமா? வெரலுக்குக் கீழ இருக்கிற கொழுந்தைத்தானே பார்க்கணும்" என்றார்.

அவர் அன்று முதற்கேள்வியை மறுபடி கேட்கவில்லை. எனினும் அதற்குரிய விடையை நான் அங்கேதான் பெற்றேன். பிழை நேர்ந்தவுடன் கருவியையும் காலத்தையும் அயலாரையும் குற்றஞ்சாட்டுவது நமக்கு எளிது. பிழையைத் தாளிலே படித்து, சோதித்து, தன் விரலடியிலேயே தேடிக் கண்டு திருத்த ஓர் இளைஞன் கற்றுக்கொள்வானாயின், அவன் பதக்கம் பெறாவிட்டாலும் குறை ஒன்றுமில்லை.